ராணிக்குத் தங்கத்தில் ஒரு கடிகாரம்... செய்து முடிக்க 44 ஆண்டுகள்! யார் இந்த பிரெகே?

நள்ளிரவில் திடீரென்று விழிப்பு வருகிறது. மணி என்ன? தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் மொபைலை ஒரு தட்டு தட்டினால் போதும். அரை விநாடியில் பதில் வந்துவிடும்.

240 ஆண்டுகளுக்கு முன்பு இது அவ்வளவு சுலபம் கிடையாது. இருட்டில் தடவித் தடவி எழுந்து, நெருப்பு மூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, அதற்குப் பிறகுதான் கடிகாரத்தின் முகத்தைப் பார்க்க முடியும். ஆனால் ஐரோப்பாவின் பெரிய பணக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர்களிடம் ஒரு சின்னத் தங்கக் கடிகாரம் இருக்கும். படுத்தபடியே ஒரு பட்டனை அழுத்தினால், அது மணியடித்து நேரத்தைச் சொல்லும். பெயர், ரிப்பீட்டர்.

கல்யாணம், முடிசூட்டு, தூதரகப் பரிசு என்று எந்த விசேஷம் வந்தாலும் கொடுப்பவரின் கௌரவத்தைக் காட்டும் பொருள் அது. நம் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவதைப் போலத்தான். விலை மட்டும் வேற லெவல்!

அப்படி ஒரு தங்க ரிப்பீட்டரைப் பரிசாகக் கொடுக்க 1783ல் பாரிஸில் ஒரு ஆர்டர் வந்தது. பெற வேண்டியவர், பிரான்ஸின் ராணி மேரி அன்டோனெட். செய்ய வேண்டியவர், ஆப்ரகாம் லூயி பிரெகே. அந்தக் கடிகாரம் தயாரானபோது ராணியும் உயிரோடு இல்லை, பிரெகேயும் உயிரோடு இல்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று தெரிந்தும் வேலை ஏன் நிற்கவில்லை? அதைப் புரிந்துகொள்ள அந்த மனிதரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

முதலில், ரிப்பீட்டர் எப்படி நேரம் சொல்கிறது?

கடிகாரத்தின் ஓரத்தில் ஒரு பட்டனோ, நகர்த்தும் சிறு பிடியோ இருக்கும். அதை அழுத்தும்போது உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங் முறுக்கேறும். கையை எடுத்ததும் அந்த ஸ்பிரிங்கின் விசையில் சின்னஞ்சிறு சுத்தியல்கள் அடிக்கத் தொடங்கும்.

மணி 2.37 என்று வைத்துக்கொள்வோம். முதலில் கனமான ஒலியில் இரண்டு அடி. அது மணிக்கணக்கு. அடுத்து 'டிங்-டாங்' என்று இரட்டை ஒலி இரண்டு முறை. ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்பதால் அது 30 நிமிடம். கடைசியாக மெல்லிய ஒலியில் ஏழு அடி. அது மிச்சமுள்ள நிமிடங்கள். கூட்டினால் 2.37. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. எல்லாமே பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் செய்யும் கணக்கு.

இதை பிரெகே கண்டுபிடிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் டேனியல் குவேர், எட்வர்டு பார்லோ என்ற இருவர் இதைச் செய்திருந்தார்கள். யாருக்கு உரிமை என்ற சண்டை மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் வரை போனது. ஆனால் அந்தக் கால ரிப்பீட்டர்களுக்குள் நிஜமாகவே ஒரு குட்டி மணி இருக்கும். அதனால் கடிகாரம் தடித்துப்போய், பையில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும்.

1783ல் பிரெகே அந்த மணியைத் தூக்கிவிட்டு, அதன் இடத்தில் ஒரு எஃகுக் கம்பியை வைத்தார். இயந்திரத்தைச் சுற்றி வட்டமாக வளைந்து போகும் கம்பி. சுத்தியல் அதில் அடிக்கும். சத்தமும் இனிமை, கடிகாரமும் மெலிசு. இன்றைக்கும் கோடிக்கணக்கில் விற்கும் ரிப்பீட்டர் வாட்ச்களில் அதே கம்பிதான் ஒலிக்கிறது.

அப்பாவை இழந்த பையன்

பிரெகே பிறந்தது சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் ஊரில், 1747 ஜனவரி 10 அன்று. அவருக்குச் சுமார் 11 வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை கடிகாரத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். பையனுக்குத் தொழில் கிடைத்தது அந்த வழியில்தான்.

15 வயதில் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். பாரிஸை ஒட்டிய வெர்சாய், அதாவது மன்னரின் அரண்மனை இருந்த ஊர், அவருக்குப் பயிற்சிக்கூடம் ஆனது. பகலில் பட்டறை. மாலையில் மஸாரின் கல்லூரியில் கணித வகுப்பு. அங்கே பாடம் நடத்திய அபே மாரி என்ற பாதிரியாருக்கு இந்தப் பையனைப் பிடித்துப்போனது. அவருக்கு அரண்மனைத் தொடர்பும் இருந்தது. பிரெகேயின் பெயரை மேலிடத்துக் காதுகளில் போட்டவர் அவர்தான்.

கைவேலை தெரிந்த ஆட்கள் அப்போது பாரிஸில் நிறைய பேர் இருந்தார்கள். கைவேலையோடு கணிதமும் தெரிந்தவர்கள் குறைவு. பிரெகேயின் பிற்கால வெற்றிக்கு இந்தச் சேர்க்கைதான் அஸ்திவாரம்.

கல்யாணப் பணத்தில் ஒரு கடை

1775ல் பிரெகேக்கு 28 வயது. செசில் லுயிலியே என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டில், சேன் நதிக்கு நடுவே இருக்கும் தீவில், கடிகாரக் கரை என்ற பொருள் தரும் கே த லோர்லோஜ் தெருவில் சொந்தக் கடை திறந்தார். மனைவி கொண்டுவந்த சீதனப் பணம்தான் இதற்கு முதலாக அமைந்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு கடிகாரக் கடை, ஒருவகையில் கல்யாணப் பரிசாகத்தான் தொடங்கியது.

அந்தக் கல்யாண வாழ்க்கை ஐந்தே ஆண்டுகள்தான் நீடித்தது. 1780ல் செசில் இறந்துபோனார். பிள்ளைகளில் பிழைத்தது 1776ல் பிறந்த அன்டுவான் லூயி என்ற ஒரே மகன். பிரெகே மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதன் பிறகு அவருடைய வாழ்க்கையில் இருந்தது பட்டறையும் அந்த மகனும்தான்.

அதே 1780ல் அவர் பெயரை அரண்மனை முழுக்கக் கொண்டுபோன ஒரு கடிகாரம் வந்தது. சாவி கொடுக்கவே வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். உள்ளே ஒரு பிளாட்டின எடை மேலும் கீழும் ஆடி, ஸ்பிரிங்கைத் தானே முறுக்கிக்கொள்ளும். தானாக முறுக்கேறும் கடிகாரத்தை அவருக்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். நம்பி வாங்கும் அளவுக்கு அதைச் செய்து காட்டியவர் பிரெகே. ஓர்லியன்ஸ் கோமகன் ஒன்று வாங்கினார். 1782ல் ராணி மேரி அன்டோனெட்டின் கைக்கும் ஒன்று போனது.

14 வயதில் ஆஸ்திரியாவிலிருந்து கல்யாணப் பெண்ணாக வெர்சாய்க்கு வந்தவர் மேரி அன்டோனெட். அவருக்குக் கடிகாரம் என்றால் அவ்வளவு இஷ்டம். தன்னிடம் இருந்ததைப் பார்ப்பவர்களிடமெல்லாம் புகழ்ந்தார். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய விளம்பரம் பிரெகேக்குக் கிடைத்திருக்காது.

1783: பட்ஜெட் இல்லை, டெட்லைன் இல்லை

அடுத்த ஆண்டு அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. கொடுத்தவர் ராணியின் காவல் படையைச் சேர்ந்த ஒரு அதிகாரி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ராணிக்கு நெருக்கமானவராகப் பேசப்பட்ட சுவீடன் பிரபு ஆக்ஸல் ஃபெர்ஸனாக இருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் ஆர்டரின் விவரம் தெளிவாக இருக்கிறது.

- கடிகாரக் கலையில் அன்று தெரிந்த எல்லா வசதிகளும் அதில் இருக்க வேண்டும்.
- வேறு உலோகம் வரும் இடத்தில் எல்லாம் முடிந்தவரை தங்கத்தையே பயன்படுத்த வேண்டும்.
- செலவுக்கு உச்சவரம்பு கிடையாது.
- முடிக்கக் காலக்கெடுவும் கிடையாது.

இன்றைக்கு ஒரு கிளையன்ட் இப்படிச் சொன்னால் நாமே நம்ப மாட்டோம். பிரெகே நம்பினார். பட்டறையில் அதன் எண் 160. நிமிடம் வரை சொல்லும் ரிப்பீட்டர், லீப் ஆண்டையும் தானே பார்த்துக்கொள்ளும் நாள்காட்டி, சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் முள், வெப்பமானி, ஸ்பிரிங்கில் எவ்வளவு முறுக்கு மிச்சம் என்று சொல்லும் காட்டி, தானாக முறுக்கேறும் வசதி... இத்தனையும் சுமார் 6 சென்டிமீட்டர் அகல வட்டத்துக்குள். மொத்தப் பாகங்கள் 823.

இதெல்லாம் ஒரே கடிகாரத்தில் இருந்தால் என்ன பிரச்சினை? ஒவ்வொரு வசதியும் இயந்திரத்திடமிருந்து கொஞ்சம் விசையைத் திருடும். நாள்காட்டி நகரும் நேரத்தில் கடிகாரம் தடுமாறக் கூடாது. ரிப்பீட்டர் அடிக்கும்போது நேரம் பிசகக் கூடாது. அதனால் வரைவதும் செய்வதும் பிரித்து மாற்றுவதுமாக ஆண்டுகள் ஓடின. அதற்குள் வெளியே நாடே மாறத் தொடங்கியிருந்தது.

புரட்சி: அரண்மனையின் ஆளா, மக்களின் ஆளா?

1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறை விழுந்தது. பிரெகேயின் நிலைமை சிக்கலானது. அவருடைய வாடிக்கையாளர்கள் முக்கால்வாசிப் பேர் அரச குடும்பத்தினர், பிரபுக்கள். ஆனால் அவரோ புதிய மாற்றங்களை ஆதரித்த ஒரு கைவினைஞர். புரட்சியாளர்களின் ஜாக்கோபின் சங்கத்திலும் சேர்ந்திருந்தார். இரண்டு பக்கமும் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகிக்கலாம் என்ற நிலை.

அவருடைய நண்பர்களில் முக்கியமானவர் ஜான் போல் மாரா. புரட்சியின் மிகத் தீவிரமான பத்திரிகையாளர். எதிரிகளின் தலைகள் உருள வேண்டும் என்று எழுதித் தள்ளியவர். அவரும் பிரெகேயின் நியூஷாத்தெல் பகுதியில் பிறந்தவர்தான். ஊர்ப்பாசம்!

இருவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு வீட்டில் இருவரும் இருக்கும்போது மாராவைத் தேடி ஒரு கோபக் கும்பல் வாசலில் கூடிவிட்டது. பிரெகே சட்டென்று மாராவுக்குக் கிழவி வேஷம் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கும்பலின் நடுவிலேயே நடத்திக் கூட்டிப்போய்விட்டாராம். கதையில் எவ்வளவு நிஜம் என்பது வேறு. ஆனால் 1793ல் மாரா அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தார் என்பதுதான் பலரும் சொல்லும் வரலாறு.

அந்த ஆண்டு ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. அரண்மனையோடு தொடர்பு வைத்திருந்த யாருக்கும் பாதுகாப்பு இல்லை. பிரெகே நாட்டை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டு கிடைக்க மாரா உதவினார். ஜூலை 13 அன்று மாராவே கொலை செய்யப்பட்டார். ஆகஸ்டில் பிரெகே மகனோடு சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் அவருடைய கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

ராணிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. சிறையில் இருந்த நாட்களில் அவர் பிரெகேயிடமிருந்து மிக எளிமையான ஒரு கடிகாரம் கேட்டு வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. உலகத்திலேயே சிக்கலான கடிகாரம் அவருக்காகப் பட்டறையில் அரைகுறையாகக் கிடந்தது. அவருக்கு அப்போது தேவைப்பட்டதோ, மணி என்ன என்று மட்டும் சொல்லும் ஒன்று. 1793 அக்டோபர் 16 அன்று மேரி அன்டோனெட் கில்லட்டினில் கொல்லப்பட்டார். எண் 160க்கு இனி உரியவர் இல்லை.

46 வயதில் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து

சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில், சில தொழிலாளர்களை வைத்துச் சின்னப் பட்டறை ஒன்றை நடத்தினார் பிரெகே. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். மீதிப் பேர் ஓடி ஒளிந்திருந்தார்கள். வரவேண்டிய பணம் வரப்போவதில்லை. வேறு ஒருவராக இருந்தால் அத்தோடு சோர்ந்து உட்கார்ந்திருப்பார்.

பிரெகே அந்த ஓய்வை யோசிக்கப் பயன்படுத்திக்கொண்டார். 1795ல் பாரிஸ் திரும்பியபோது அவர் தலைக்குள் ஒரு பட்டியலே இருந்தது. போரில் இருந்த புதிய அரசுக்கும் துல்லியமான கடிகாரம் செய்பவர்கள் தேவைப்பட்டார்கள். பழைய இடத்திலேயே கடை மறுபடி திறந்தது. அடுத்தடுத்து வந்த யோசனைகளில் மூன்று முக்கியம்.

முதலாவது, வியாபார யோசனை. ஒரே ஒரு முள் கொண்ட, பெரிய முகம் கொண்ட, எளிய ஆனால் துல்லியமான கடிகாரம். விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டி ஆர்டர் செய்ய வேண்டும். மீதி, கடிகாரம் கைக்கு வரும்போது. இன்றைய ப்ரீ-புக்கிங்தான். கையில் பணம் இல்லாத முதலாளிக்கு வாடிக்கையாளரின் முன்பணமே முதலானது. இப்படிச் சுமார் 700 கடிகாரங்கள் விற்றன.

இரண்டாவது, போலிகளுக்கு எதிரான யோசனை. பிரெகே என்று பெயர் பொறித்த டூப்ளிகேட்கள் ஐரோப்பா முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. அவர் கடிகார முகத்தில் தன் கையெழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிதாகப் பொறித்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பார்க்கிறோமே, அதே டெக்னிக்.

மூன்றாவது, அறிவியல். சட்டைப்பையில் கடிகாரம் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். அதனால் புவியீர்ப்பு அதன் துடிப்புச் சக்கரத்தை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். நேரம் மெல்லப் பிசகும். பிரெகே அந்தச் சக்கரத்தையும் அதன் துணைப் பாகங்களையும் ஒரு குட்டிக் கூண்டுக்குள் வைத்து, கூண்டையே சுழலவிட்டார். ஒரு பக்கம் வரும் பிழையை மறுபக்கம் வரும் பிழை சமன் செய்துவிடும். டூர்பியோன் என்று பெயர். 1801 ஜூன் 26 அன்று காப்புரிமை கிடைத்தது. செய்வது அவ்வளவு கடினம் என்பதால் அவர் காலத்தில் சில டஜன்களுக்கு மேல் வரவில்லை.

அந்த டூர்பியோனுக்குப் பின்னால் ஒரு நட்பும் இருக்கிறது. லண்டனின் பெரிய கடிகாரக் கலைஞர் ஜான் ஆர்னால்டு, தொழிலில் பிரெகேக்குப் போட்டியாளர். ஆனால் இருவரும் தொழில் ரகசியங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் மகனை மற்றவரின் பட்டறைக்குப் படிக்க அனுப்பினார்கள். 1799ல் ஆர்னால்டு இறந்தார். பிரெகே, ஆர்னால்டு செய்த ஒரு பழைய கடிகாரத்தில் தன் டூர்பியோனைப் பொருத்தி, நண்பரின் நினைவாக அவருடைய மகனிடம் 1808ல் கொடுத்தார். இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண் 160ஐ அவர் ஏன் குப்பையில் போடவில்லை என்பதற்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது. ஆள் போனாலும் உறவு முடியவில்லை என்று நினைத்த மனிதர் அவர்.

நெப்போலியன் முதல் நேப்பிள்ஸ் ராணி வரை

பழைய பிரபுக்கள் போனார்கள், புதிய தளபதிகள் வந்தார்கள். 1798ல் எகிப்துப் படையெடுப்புக்குக் கிளம்பும் முன் நெப்போலியன் பிரெகே கடையில் மூன்று கடிகாரங்கள் வாங்கினார். அவற்றில் ரிப்பீட்டரும் உண்டு. ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டரும் வாடிக்கையாளர். போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே கடையில் கடிகாரம் வாங்கினார்கள்.

நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் ராணியுமான கரோலின் மூரா 1810ல் ஒரு விசித்திரமான ஆர்டர் கொடுத்தார். ரிப்பீட்டர் வேண்டும், ஆனால் கையில் வளையல் போலக் கட்ட வேண்டும். 1812ல் அது தயாரானது. கைக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் கடிகாரம் அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள்.

இவ்வளவு பெரிய ஆட்களோடு பழகியவர், பட்டறையில் எப்படி இருந்தார்? ஒரு சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தொழிலாளி கொண்டுவரும் கூலிச் சீட்டில் வேலை நன்றாக இருந்து, தொகை 0ல் முடிந்தால், பிரெகே அந்தப் பூஜ்ஜியத்துக்கு ஒரு வால் போட்டு 9 ஆக்கிவிடுவாராம். பெரிய தொகை இல்லை. ஆனால் முதலாளி தன் வேலையைக் கவனித்துப் பார்த்தார் என்பது தொழிலாளிக்குத் தெரியும். சம்பள உயர்வு மெயிலுக்காகக் காத்திருக்கும் யாருக்கும் இந்த மனிதரைப் பிடித்துப்போகும்!

விருதுகளும் பதவிகளும் கடைசியில் வந்து சேர்ந்தன. 1815ல் பிரெஞ்சுக் கடற்படையின் அதிகாரபூர்வ கடிகாரக் கலைஞர். 1816ல் அறிவியல் அகாதெமி உறுப்பினர். 1819ல் லீஜியன் ஆஃப் ஹானர். வயதான காலத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. நேரத்தைக் காதால் கேட்கும் கருவியை மெருகேற்றியவருக்கு, தன் கடிகாரங்களின் ஒலியே சரியாகக் கேட்காமல் போனது.

வாங்க ஆளில்லாத கடிகாரம்

இத்தனைக்கும் நடுவில் எண் 160 என்ன ஆனது? புரட்சியில் வேலை நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது. பணம் இருக்கும்போது, நேரம் இருக்கும்போது, திறமையான கை ஓய்வாக இருக்கும்போது, அது மேஜைக்கு வந்தது. ஆர்டர் ரத்தாகிவிட்டது என்று சொல்லிப் பாகங்களைப் பிரித்து வேறு கடிகாரங்களில் பொருத்தியிருக்கலாம். உள்ளே இருந்த தங்கத்தை உருக்கியிருக்கலாம். தொழில் கணக்குப்படி அதுதான் புத்திசாலித்தனம்.

பிரெகே அதைச் செய்யவில்லை. இதை வெறும் விசுவாசம் என்று சொல்லிவிட முடியாது. தன்னால் என்ன முடியும் என்று தனக்கே காட்டும் ஆசையும் அதில் இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் வை என்று சொன்ன வாடிக்கையாளர் அவருக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைத்தார். அந்தக் கேள்விக்கு பதில் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

1823 செப்டம்பர் 17 அன்று, 76 வயதில், பிரெகே பாரிஸில் இறந்தார். பெர் லாஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். எண் 160 அப்போதும் முடியவில்லை. மகன் அன்டுவான் லூயியின் பொறுப்பில் இருந்த பட்டறை 1827ல் அதை முடித்தது. ஆர்டர் வந்து 44 ஆண்டுகள். ராணி இறந்து 34 ஆண்டுகள். கேட்டபோது மகனுக்கு ஏழு வயது. முடித்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

திருட்டு, மீட்பு, இன்று

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடிகாரத்துக்கு ஓய்வே இல்லை. பல கைகள் மாறி, 1917ல் பிரிட்டனைச் சேர்ந்த சர் டேவிட் சாலமன்ஸ் என்ற சேகரிப்பாளரிடம் வந்தது. உலகிலேயே பெரிய பிரெகே சேகரிப்பு அவருடையது. அவருடைய மகள் ஜெருசலேமில் நிறுவிய எல்.ஏ.மேயர் அருங்காட்சியகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது.

1983 ஏப்ரலில், அதாவது ஆர்டர் வந்து சரியாக 200 ஆண்டுகளில், ஒரு திருடன் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து 106 கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போனான். எண் 160ம் அதில் ஒன்று. 20 ஆண்டுகளுக்கு மேல் எந்தத் தகவலும் இல்லை. விற்கவும் முடியாது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதால் வெளியே எடுத்தாலே மாட்டிக்கொள்வான். திருடன் இறந்த பிறகு, 2006ல்தான் அது அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. 2007ல் செய்தி வெளியானது.

இதற்கிடையில் இன்னொரு சுவாரஸ்யம். கடிகாரம் கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்து, பிரெகே நிறுவனத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்த நிக்கோலஸ் ஹாயெக், பழைய படங்களையும் குறிப்புகளையும் வைத்து அதே கடிகாரத்தை மறுபடி செய்யச் சொன்னார். 2008ல் அது வெளிவந்தது. பெட்டிக்கு மரம் எங்கிருந்து தெரியுமா? மேரி அன்டோனெட் உலாவிய வெர்சாய் தோட்டத்தில் இருந்த ஓக் மரத்திலிருந்து!

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்கள் கையில் முள் வைத்த வாட்ச் இருந்தால், பிரெகே உங்களுக்கு அந்நியர் இல்லை. முனைக்கு அருகே சின்ன வட்டத் துளையோடு இருக்கும் மெல்லிய முட்களுக்கு இன்றும் பிரெகே முள் என்றுதான் பெயர். கீழே விழுந்தாலும் உள்ளே உடையாமல் தாங்கும் அமைப்புக்கு முன்னோடி 1790ல் அவர் செய்தது. நல்ல மெக்கானிக்கல் வாட்ச்களின் ஸ்பிரிங்கில் கடைசிச் சுருள் மேலே எழும்பி வளைந்திருக்கும். அந்த வளைவுக்கும் அவர் பெயர்தான்.

ஆனால் எண் 160 சொல்லும் விஷயம் வேறு. இன்று நாம் செய்யும் பெரும்பாலான வேலைகளுக்கு ஒரு கிளையன்ட் உண்டு, ஒரு டெட்லைன் உண்டு. கிளையன்ட் போய்விட்டால் ஃபைலையும் மூடிவிடுகிறோம். அதில் தப்பும் இல்லை, வாடகை கட்ட வேண்டுமே! பிரெகேயும் அப்படித்தான் பிழைத்தார். ஒற்றை முள் கடிகாரத்தை ப்ரீ-புக்கிங்கில் விற்றுத்தான் கடையை நிமிர்த்தினார். ஆனால் அந்த வருமானத்துக்குப் பக்கத்திலேயே, யாரும் கேட்காத ஒரு வேலையையும் மேஜை ஓரத்தில் வைத்திருந்தார்.

பரிசு கொடுக்க நினைத்தவர் அதைக் கொடுக்கவில்லை. பெற வேண்டியவர் பெறவில்லை. செய்தவர் முடிந்ததைப் பார்க்கவில்லை. ஆனாலும் பட்டனை அழுத்தினால் மணி, கால்மணி, நிமிடம் என்று வரிசையாகச் சொல்லும்படி அது செய்து முடிக்கப்பட்டது. மனைவியின் சீதனத்தில் அவர் தொடங்கிய பட்டறையில், அவருடைய மகன் காலத்தில்!